கருத்தடை மாத்திரையும் பிரஷரும்: வடசென்னைப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

கருத்தடை மாத்திரை பற்றிக் கேட்க வரும் பெண்களுக்குப் பெரும்பாலும் இரண்டு கவலைகள் இருக்கும். உடம்பு போட்டுவிடுமா? பிற்பாடு குழந்தை பிறக்காமல் போய்விடுமா? இரண்டாவதற்குப் பதில் சுலபம்: மாத்திரையை நிறுத்தினால் சீக்கிரமே பழையபடி கரு தங்கும். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய பிரஷர் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் செவிலியராக வேலை பார்க்கிறவள் நான். அங்கே என்னிடம் வந்த கேள்விகளையும், வந்திருக்க வேண்டிய சில கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை ஆரம்பிக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். டாக்டரிடமோ நர்ஸிடமோ என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் போதும்.

மாலா-என் கருத்தடை மாத்திரை போட்டால் பிரஷர் ஏறும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். உண்மையா சிஸ்டர்?

உண்மைதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் ஏறாது. ஈஸ்ட்ரோஜன், புரொஜஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரையைத் தொடர்ந்து போடுகிறவர்களுக்கு மேல் அளவு சராசரியாகச் சில புள்ளிகள் கூடும். கீழ் அளவு அதைவிடக் கொஞ்சமாகக் கூடும். 110 இருந்தவருக்கு 115 ஆனால் உடம்புக்கு எந்தக் கெடுதலும் இல்லை. ஒரு சிலருக்கு மட்டும் அது 140/90ஐத் தாண்டிப் போய்விடுகிறது. அந்த ஒரு சிலர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் ஏறக்குறைய 68,000 நர்ஸ்களை நான்கு வருடம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 1996இல் வெளிவந்தது. மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ரத்தக்கொதிப்பு வரும் வாய்ப்பு, எப்போதுமே போடாதவர்களைவிட 1.8 மடங்கு இருந்தது. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் ஆள் கணக்கில் பார்த்தால், 10,000 பெண்கள் ஒரு வருடம் மாத்திரை போட்டால் அதன் காரணமாகக் கூடுதலாக ரத்தக்கொதிப்பு வருவது சுமார் 41 பேருக்கு. நிறுத்தியவர்களுக்கு அந்த ஆபத்து வேகமாகக் குறைந்ததையும் அதே ஆய்வு காட்டியது. அக்கா சொன்னது பொய்யில்லை, ஆனால் அதைக் கேட்டுப் பயந்து ஓடவும் தேவையில்லை.

கர்ப்பப்பைக்குப் போடும் மாத்திரை பிரஷரை ஏன் தொடுகிறது?

வாய்வழியாகப் போகும் எந்த மாத்திரையும் குடலில் கரைந்து முதலில் கல்லீரலுக்குத்தான் போகும். இந்த மாத்திரைகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது எத்தினில் எஸ்ட்ராடியால் என்ற ஈஸ்ட்ரோஜன். அது கல்லீரலைத் தூண்டி ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதத்தை அதிகமாகச் சுரக்க வைக்கிறது. அந்தப் புரதத்திலிருந்து படிப்படியாக ஆஞ்சியோடென்சின் உண்டாகி ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. கூடவே ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனையும் தூண்டிவிடுகிறது. அது சிறுநீரகத்திடம் உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கச் சொல்கிறது. குழாயும் சுருங்கி, உள்ளே ஓடும் தண்ணீரும் கூடினால் அழுத்தம் ஏறத்தானே செய்யும்.

பெரும்பாலான பெண்களின் உடம்பு இதைத் தானே சரிக்கட்டிக்கொள்கிறது. வயது 35ஐத் தாண்டியவர்கள், எடை அதிகமுள்ளவர்கள், அப்பா அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள், கர்ப்பத்தில் பிரஷர் வந்தவர்கள் ஆகியோருக்கு அந்தச் சரிக்கட்டல் தவறிப்போகும் வாய்ப்பு அதிகம்.

எங்கள் அம்மா காலத்திலேயே இந்த மாத்திரையைப் பற்றிக் கெட்ட பெயர்தான். இப்போதும் அப்படியா?

அம்மாவின் பயத்துக்குக் காரணம் உண்டு. 1960இல் அமெரிக்காவில் கருத்தடைக்கென்று முதலில் அனுமதிக்கப்பட்ட மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம் இருந்தது. 1967 வாக்கிலேயே பிரஷர் ஏறுவது பற்றி மருத்துவர்கள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். இன்று அரசு கொடுக்கும் மாலா-என் மாத்திரையில் அது 30 மைக்ரோகிராம், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. ஆபத்து நன்றாகக் குறைந்திருக்கிறது, ஆனால் முழுதாகப் போகவில்லை. அதனால்தான் இன்றும் பிரஷரை அளந்து பார்க்காமல் மாத்திரை கொடுப்பது சரியில்லை என்று சொல்கிறேன்.

மாலா-என், மாலா-டி, சாயா, மெடிக்கலில் விற்கும் விலை கூடிய அட்டை. எல்லாம் ஒன்றா?

இல்லை, குழப்பம் முக்கால்வாசி இங்கேதான் ஆரம்பிக்கிறது. மாலா-என் அரசு மையங்களில் இலவசம். மாலா-டி கடையில் குறைந்த விலைக்குக் கிடைப்பது. இரண்டிலும் இருப்பது ஒரே மருந்து: 0.15 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரெல், 0.03 மி.கி. எத்தினில் எஸ்ட்ராடியால். அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரை, மீதி 7 இரும்புச் சத்து மாத்திரை. பிரஷரை ஏற்றக்கூடிய வகை இதுதான்.

விலை கூடிய அட்டைகளில் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் 20 அல்லது 30 மைக்ரோகிராம் இருக்கும், கூட வரும் புரொஜஸ்டின் மாறும். டிரோஸ்பைரினோன் உள்ள மாத்திரை உப்பையும் நீரையும் கொஞ்சம் வெளியேற்றும். அதனால் பிரஷர் ஏறுவது அதில் குறைவு. ஆனால் ரத்தம் உறையும் ஆபத்து லெவோநார்ஜெஸ்ட்ரெல் உள்ளதைவிடச் சற்று அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. எனலாபிரில், டெல்மிசார்ட்டான் போன்ற பிரஷர் மாத்திரைகளோடு சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியமும் ஏறலாம். விலை அதிகமாக இருப்பதால் மட்டும் அது உங்களுக்கு நல்லதாகிவிடாது.

புரொஜஸ்டின் மட்டும் உள்ள மாத்திரை வேறு வகை. அதில் ஈஸ்ட்ரோஜன் கிடையாது, பிரஷரை அநேகமாகத் தொடுவதில்லை.

சாயா முற்றிலும் வேறு. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த சென்ட்குரோமான் என்ற மருந்து அது. சஹேலி என்ற பெயரில் கடைக்கு வந்து பல வருடம் கழித்து அரசுத் திட்டத்தில் சாயா ஆனது. அது ஸ்டீராய்டு ஹார்மோன் வகையே இல்லை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. பிரஷர் கவலை உள்ளவர்களுக்கு நல்ல மாற்று. சிலருக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும், அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பதறத் தேவையில்லை. சினைப்பை நீர்க்கட்டியோ கல்லீரல் நோயோ உள்ளவர்களுக்கு இதைக் கொடுப்பதில்லை.

மெடிக்கலில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். பிரஷர் பார்த்துத்தான் ஆக வேண்டுமா?

பார்த்துத்தான் ஆக வேண்டும். கருத்தடை மாத்திரைக்கு ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் வேண்டாம். வயது, பழைய நோய்கள், புகைப்பழக்கம், தலைவலி பற்றி நாலு கேள்வி, கையில் ஒரு பட்டை. இவ்வளவுதான். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நகர்ப்புற நலவாழ்வு மையத்திலும் இலவசமாகவே அளப்பார்கள். 2021இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண்களிடமும் பிரஷர் கருவி இருக்கும். அவர்கள் மாமியாருக்குப் பார்க்க வரும்போது நீங்களும் கையை நீட்டுங்கள். வீட்டில் எல்லோருக்கும் பார்த்துவிட்டுத் தனக்கு மட்டும் பார்க்காமல் விடும் பெண்களை நான் தினமும் பார்க்கிறேன்.

மாத்திரை ஆரம்பிக்கும் முன் ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை, அப்புறம் வருடத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள். 35 வயதைத் தாண்டியவர்களும் குடும்பத்தில் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. ஏறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே ஏறத் தொடங்கும், ஆனால் சிலருக்கு ஒரு வருடம் கழித்தும் ஏறலாம்.

ஒரு இடத்தில் 150 என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 126 என்கிறார்கள். எதை நம்புவது?

எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். போர்டு குடியிருப்பில் மூன்று மாடி ஏறி இறங்கி, வெயிலில் நடந்து, வழியில் ஒரு டீயும் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவுடன் அளந்தால் யாருக்கும் கூடுதலாகத்தான் காட்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கால்மேல் கால் வேண்டாம். கை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் டீ, காபி, புகையிலை வேண்டாம். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் முதலில் போய்விட்டு வாருங்கள், அதுவே சில புள்ளிகள் ஏற்றிவிடும். அளக்கும்போது பேசக் கூடாது. இதுதான் நம் ஆட்களுக்கு ரொம்பக் கஷ்டம்.

பட்டையைச் சுடிதார் கையின் மேலோ தடித்த நைட்டியின் மேலோ கட்டக் கூடாது. சட்டைக் கையை இறுக்கமாகச் சுருட்டிவிட்டாலும் அளவு மாறும். பருமனான கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். அதனால் பெரிய பட்டை இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

ஓரிரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளக்கச் சொல்லுங்கள். அதிகமாக வந்தால் இன்னொரு நாளும் பாருங்கள். மருத்துவமனையில் 140/90, வீட்டில் அமைதியாக அளக்கும்போது 135/85. இவையோ இவற்றுக்கு மேலோ திரும்பத் திரும்ப வந்தால்தான் ரத்தக்கொதிப்பு என்போம். அளவை ஒரு சீட்டில் தேதியோடு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "நார்மல்தான் போ" என்று வாயால் சொன்னது அடுத்த முறை உதவாது.

எனக்கு 150/95 வந்தது. மாத்திரை தர மாட்டேன் என்றுவிட்டார்கள். இது சரியா?

சரிதான். உலக சுகாதார நிறுவனம் கருத்தடை முறைகளை 1 முதல் 4 வரை வகைப்படுத்தியிருக்கிறது. 1 என்றால் தடையே இல்லை, 4 என்றால் கொடுக்கவே கூடாது. இரண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரைக்கு, மேல் அளவு 140 முதல் 159 வரையோ கீழ் அளவு 90 முதல் 99 வரையோ இருந்தால் வகை 3. அதாவது வேறு வழி இருக்கும்போது கொடுக்க வேண்டாம். 160/100ஐத் தொட்டுவிட்டால் வகை 4.

ஏற்கெனவே ஏறியிருக்கும் பிரஷரோடு ஈஸ்ட்ரோஜன் சேரும்போது பக்கவாதமும் மாரடைப்பும் வரும் வாய்ப்பு, தனித்தனியாக இருப்பதைவிட அதிகமாகிறது. முப்பது வயதுப் பெண்ணுக்கு இவை வருவது அபூர்வம்தான். ஆனால் வந்துவிட்டால் ஒரு குடும்பமே நிலைகுலைந்து போகும். அதைத் தவிர்க்க வேறு நல்ல வழிகள் கையிலேயே இருக்கும்போது ஏன் துணிய வேண்டும்? மாத்திரை தர மறுத்தவர் அடுத்த நிமிடமே வேறு முறையைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். "இது வேண்டாம்" என்று மட்டும் சொல்லி ஒரு பெண்ணை வெறுங்கையோடு அனுப்புவதை என்னால் ஏற்க முடியாது.

பிரஷர் மாத்திரை போட்டு இப்போது 120/80க்கு வந்துவிட்டது. இனி கருத்தடை மாத்திரை போடலாமா?

அளவு கட்டுப்பாட்டில் இருந்தாலும் சேர்ப்பு மாத்திரைக்கு, அதாவது இரண்டு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரைக்கு, அது வகை 3தான். தவிர்ப்பது நல்லது.

இந்தக் கேள்விக்குள் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். எனலாபிரில், ராமிபிரில், டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான். இந்தப் பிரஷர் மாத்திரைகள் கர்ப்பத்தில் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. 38 வயதில் பிரஷருக்கு டெல்மிசார்ட்டான் எழுதித் தருகிறார்கள், "பிரஷர் இருக்கே, கருத்தடை மாத்திரையை நிறுத்திடுங்க" என்றும் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே சரியான ஆலோசனைதான். ஆனால் நிறுத்தியதற்குப் பதிலாக எந்தக் கருத்தடையும் இல்லை. "இந்த வயசுல எங்க தங்கப்போகுது" என்று விட்டுவிட்டு, இரண்டு மூன்று மாதம் நாள் தள்ளிப்போன பிறகு வந்து நின்றால், அதுவரை அந்த மாத்திரையையும் போட்டுக்கொண்டே இருந்திருப்பார்.

அதனால் குழந்தை பெறும் வயதில் இருக்கும் எந்தப் பெண்ணும் பிரஷர் மாத்திரை வாங்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: "கர்ப்பமானால் இந்த மாத்திரை ஆகுமா?" "அதுவரை நான் எந்தக் கருத்தடை வைத்துக்கொள்ளலாம்?" நாள் தள்ளிப்போனால் உடனே பரிசோதித்துவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள், மாத்திரையை மாற்றித் தருவார். பயத்தில் பிரஷர் மாத்திரையையே அடியோடு விட்டுவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

போன பிரசவத்தில் பிரஷர் ஏறி ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். இப்போது நார்மல். மாத்திரை போடலாமா?

இப்போது அளவு சரியாக இருந்தால் போடலாம், அது வகை 2. நன்மைதான் அதிகம், கவனமும் வேண்டும் என்று பொருள். ஆனால் கர்ப்பத்தில் பிரஷர் வந்த பெண்களுக்குப் பின்னாளில் ரத்தக்கொதிப்பும் இதயநோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் வாழ்நாள் முழுக்க வருடத்துக்கு ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். பிரசவ அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்.

குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். எப்போது ஆரம்பிக்கலாம்?

பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் சேர்ப்பு மாத்திரை கூடவே கூடாது. பால் கொடுப்பவர்கள் ஆறு மாதம் வரை தவிர்ப்பது நல்லது. பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் ரத்தம் உறையும் தன்மை உடம்பில் மிக அதிகமாக இருக்கும். அதோடு ஈஸ்ட்ரோஜனைச் சேர்க்கக் கூடாது. அதுவரைக்கும் சாயா, கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி, ஆணுறை இருக்கின்றன. காப்பர்-டியைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம், விட்டால் ஆறு வாரம் கழித்துப் போடலாம்.

திருவொற்றியூர் கோயிலுக்குப் போகணும், ஆடியில் கூழ் ஊற்றணும். மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கிப் போடுகிறேன். அதிலும் பிரஷர் ஏறுமா?

அது கருத்தடை மாத்திரை இல்லை. நாரெத்திஸ்டிரோன் என்ற புரொஜஸ்டின். வழக்கமாக 5 மி.கி. மாத்திரையை ஒரு நாளைக்கு மூன்று வேளை, நாள் வருவதற்கு மூன்று நாள் முன்னாலிருந்து கொடுப்பார்கள். ஆரோக்கியமான பெண் எப்போதாவது சில நாள் போடுவதால் பிரஷர் பெரிதாக மாறாது.

ஆனால் இதை முழுக்கத் தீங்கில்லாதது என்று நினைப்பதும் தவறு. இந்த அளவில் போடும்போது அதன் ஒரு சிறு பகுதி உடம்புக்குள் எத்தினில் எஸ்ட்ராடியாலாக மாறுகிறது. ஆகவே பிரஷர் அதிகமுள்ளவர்களும், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தவர்களும், பக்கவாதம் வந்தவர்களும் கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது. ஏற்கெனவே மாலா-என் போடுகிறவர்களுக்கு இந்த மாத்திரை தேவையே இல்லை. 21 மாத்திரை முடிந்ததும் இரும்பு மாத்திரையை விட்டுவிட்டு நேராகப் புது அட்டையை ஆரம்பித்தால் நாள் தள்ளிப்போகும். இதைத் தெரிந்துகொண்டு ஆச்சரியப்படும் பெண்கள் நிறையப் பேர். பண்டிகைக்குப் பண்டிகை, கல்யாணத்துக்குக் கல்யாணம் என்று மாதாமாதம் தள்ளிப்போடுகிறவர்கள் ஒருமுறை டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) என்று என் மகளுக்கு இதே மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கல்யாணமாகாத பெண். பயமாக இருக்கிறது.

மாதவிலக்கை ஒழுங்குபடுத்தவும், முகத்தில் முடி வளர்வதையும் பருவையும் குறைக்கவும் இதே மாத்திரையைத்தான் மருந்தாகக் கொடுப்பார்கள். கல்யாணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிள்ளையைக் குற்றவாளி மாதிரி பார்க்காதீர்கள், அட்டையை ஒளித்து வைக்கவும் சொல்லாதீர்கள். மகளுக்கு எடை அதிகமா, பிரஷர் பார்த்தார்களா என்பதை மட்டும் கேளுங்கள். நீர்க்கட்டியோடு எடையும் கூடியிருக்கும் பெண்களுக்கு இருபது வயதிலேயே பிரஷர் 130, 140 என்று இருப்பதுண்டு. சைப்ரோடிரோன் சேர்ந்த சில மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் 35 மைக்ரோகிராம் இருக்கும். மூன்று மாதத்துக்கு எழுதிய சீட்டை வைத்து மூன்று வருடம் வாங்கிக்கொண்டே இருக்கக் கூடாது.

மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து தலைவலி. பிரஷர்தானா?

ஊகிக்க வேண்டாம், அளந்துவிடுங்கள். பிரஷர் ஏறினால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. தலை வலிக்கவில்லை, அதனால் பிரஷர் இல்லை என்பதும் தவறு. முதல் இரண்டு மூன்று மாதம் லேசான தலைவலி பலருக்கு வந்து போகும்.

ஒற்றைத் தலைவலி வருவதற்கு முன் கண்முன் வளைந்து நெளிந்து வெளிச்சம் தெரிவது, பார்வையில் ஒரு பகுதி மறைவது, கையோ முகமோ ஒரு பக்கம் மரத்துப்போவது, பேச்சு குழறுவது என்று இருந்தால் அது வேறு. அப்படிப்பட்ட ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குப் பிரஷர் நார்மலாக இருந்தாலும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கூடாது, வகை 4. பக்கவாத ஆபத்து காரணம்.

நான் சிகரெட் பிடிப்பதில்லை. வெற்றிலையோடு கொஞ்சம் புகையிலை மட்டும்தான்.

சொன்னதற்கு நன்றி. பலர் வெட்கப்பட்டு மறைத்துவிடுவார்கள். விதிமுறை எழுதப்பட்டிருப்பது புகைப்பவர்களைப் பற்றி: 35 வயதைத் தாண்டி, நாளைக்கு 15 சிகரெட்டுக்குக் குறைவாகப் பிடித்தால் வகை 3, 15 அல்லது அதற்கு மேல் என்றால் வகை 4. ஆனால் வாயில் அடக்கும் புகையிலையிலும் நிகோட்டின் இருக்கிறது, அதுவும் பிரஷரையும் நாடித் துடிப்பையும் ஏற்றும். மீன் ஏலக்கூடத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு நிற்கும் பெண்களுக்குத் தூக்கத்தை விரட்ட அது துணையாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மாத்திரை போடுகிறீர்கள் என்றால் புகையிலையை விடுவது பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

உப்பும் அப்படித்தான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது எல்லாம் சேர்த்து ஒரு சின்ன ஸ்பூனுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டுக் குழம்பும் அப்பளமும் ஊறுகாயும் ஒரே வேளையில் தட்டில் இருந்தால் அந்தக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். கருவாட்டை எத்தனை தடவை அலசினாலும் உப்பு முழுதாகப் போகாது. விட்டுவிடச் சொல்லவில்லை, எப்போதாவது வைத்துக்கொள்ளுங்கள், கருவாடு வைக்கிற அன்று மற்ற உப்பைக் குறையுங்கள்.

இன்னொன்று வலி மாத்திரை. இடுப்புவலிக்கும் முட்டிவலிக்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் என்று தினமும் வாங்கிப் போடுகிறவர்களுக்கு அதனாலேயே பிரஷர் ஏறும். பழி கருத்தடை மாத்திரைமேல் விழும்.

ஏறிய பிரஷர், மாத்திரையை நிறுத்தினால் இறங்கிவிடுமா?

மாத்திரையால் மட்டும் ஏறியது என்றால் பெரும்பாலும் இறங்கிவிடும். சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் பழைய அளவுக்கு வரும். மூன்று மாதம் கழித்தும் இறங்கவில்லை என்றால் ரத்தக்கொதிப்பு உங்களுக்கு எப்படியும் வரவிருந்தது, மாத்திரை அதை முன்கூட்டியே காட்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது சிறுநீரகம், தைராய்டு எல்லாம் பார்த்து முறையாக வைத்தியம் செய்துகொள்ளுங்கள்.

சரி, மாத்திரை வேண்டாம். வேறு என்ன இருக்கிறது?

பிரஷர் உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது காப்பர்-டி. ஹார்மோனே கிடையாது, பிரஷர் 180 இருந்தாலும் அதற்குத் தடையில்லை. 380ஏ வகை 10 வருடம், 375 வகை 5 வருடம். அரசு மருத்துவமனைகளில் இலவசம். முதல் சில மாதம் ரத்தப்போக்கும் வலியும் கூடலாம். ரத்தசோகை உள்ளவர்கள் அதைச் சரிசெய்துகொண்டே போட்டுக்கொள்ள வேண்டும். "மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடும்" என்ற பேச்சை இந்தப் பக்கம் இன்னும் கேட்கிறேன். கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது.

அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதில் ஈஸ்ட்ரோஜன் இல்லை. 140 முதல் 159 வரை உள்ளவர்களுக்கு வகை 2, போடலாம். 160/100க்கு மேல் என்றால் வகை 3, தவிர்க்கலாம். சாயா பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

குடும்பம் போதும் என்று முடிவெடுத்துவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரஷர் உள்ள மனைவியை ஆபரேஷன் மேசையில் படுக்க வைப்பதைவிட, கத்தியில்லாமல் சில நிமிடங்களில் முடியும் ஆண் கருத்தடை எவ்வளவோ எளிது. அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம், ஆண்மைக்கு ஒரு குறையும் வராது. மூன்று மாதம் வரை ஆணுறை போட்டு, அப்புறம் விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். இதைச் சொன்னால் கணவர்கள் தரையைப் பார்க்கிறார்கள். ஆனாலும் நான் சொல்வதை நிறுத்தப்போவதில்லை.

புது முறை கையில் வரும்வரை ஆணுறை இல்லாமல் ஒரு நாள்கூட இருக்காதீர்கள். இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. காலிலும் நுரையீரலிலும் ரத்தக்கட்டி வருவது மாத்திரை போடாத பெண்கள் 10,000 பேரில் வருடத்துக்கு 1 முதல் 5 பேருக்கு, போடுகிறவர்களில் 3 முதல் 9 பேருக்கு. கர்ப்பிணிகளில் அது 5 முதல் 20 பேருக்கு. மாத்திரைக்குப் பயந்து வேண்டாத கர்ப்பத்தில் போய் நிற்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

டி.பி. மருந்து சாப்பிடுகிறேன். மாத்திரை போடலாமா?

பிரஷர் கேள்வி இல்லை, ஆனாலும் எங்கள் பகுதியில் சொல்லியாக வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். மாத்திரையைத் தவறாமல் போட்டும் கரு தங்கலாம். அந்தரா ஊசியோ, இடுப்புப் பகுதியில் காசநோய் இல்லாதவர்களுக்குக் காப்பர்-டியோ பாருங்கள். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், கார்பமாசிபைனுக்கும் இதே கதைதான்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும்?

நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், இருமலில் ரத்தம். இதுவரை வராத அளவுக்குக் கடுமையான தலைவலி. ஒரு பக்கக் கை கால் பலமிழப்பது, வாய் கோணுவது, பேச்சுக் குழறல். திடீரென்று கண் மங்குவது. ஒரே ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி வலிப்பது. வயிற்றில் தாங்க முடியாத வலி. பிரஷர் 180/120ஐத் தொடுவது. இதில் எது வந்தாலும் அடுத்த கருத்தடை மாத்திரையைப் போடாமல் 108ஐக் கூப்பிட்டு ஸ்டான்லிக்கோ பக்கத்திலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்க வேண்டாம். பக்கவாதத்துக்கான ஊசி முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன்.

போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். "என்னென்ன மருந்து சாப்பிடறீங்க" என்று கேட்டால் பெரும்பாலான பெண்கள் சர்க்கரை மாத்திரையைச் சொல்வார்கள், சத்து மாத்திரையைச் சொல்வார்கள், கருத்தடை மாத்திரையை மட்டும் சொல்வதில்லை. கூட வந்த மாமனாரோ மைத்துனரோ பக்கத்தில் நிற்பதால் கூச்சம். வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை என்றால் அட்டையை நர்ஸ் கையில் கொடுத்துவிடுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.